அரை டம்ளர்

ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கச்சி எழுதுகிறேன். கவரில் என் பேரைப் பார்த்ததும் கிழித்துப் போட்டிருக்க மாட்டாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். கிழித்திருந்தால் ஒட்டிப் படி.

முகவரியைச் சித்தியிடம் வாங்கினேன். சும்மா தருவாளா? "ஒம்போது வருஷம் கழிச்சு இப்ப என்னடி அக்கா மேல பாசம் பொத்துக்கிட்டு வருது?" என்று அரை மணி நேரம் வறுத்தெடுத்துவிட்டுத்தான் தந்தாள். அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியவள் எழுதுகிற கடிதம் இது. பிழை இருந்தால் டீச்சர் மாதிரி சிவப்பு மையில் வட்டம் போடாதே.

நான் இன்னும் அதே பஸ் டிப்போ கேண்டீனில்தான் டீ போடுகிறேன். ஒரு கையில் ஆறு கிளாஸ் எடுத்துப் போவேன், ஒரு சொட்டு சிந்தாது. என் டீயைவிட என் வாய்க்குத்தான் கூட்டம் என்று சூப்பர்வைசர் சொல்கிறார். உடம்பு போட்டுவிட்டேன். அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் நுழைய மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வீட்டுக்காரர் டயர் பிரிவிலேயே இருக்கிறார். அவர் பேசவேண்டியதையும் சேர்த்து நான் பேசிவிடுவதால் அவருக்கு வேலை மிச்சம்.

நீ கோபித்துக்கொண்டு போனபோது என் மகளுக்கு இரண்டு வயது. இப்போது பதினொன்று. கேண்டீன் சர்க்கரை டப்பாவில் விரல் விட்டு நக்கி நக்கியே 'எறும்பு' என்று பேர் வாங்கிவிட்டாள். பேர் வைத்தது யார் என்று கேட்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். இதை மூன்று தடவை எழுதி அடித்துவிட்டேன்.

எறும்புக்குக் கை நடுங்குகிறது அக்கா. மூன்று மாதமாகத்தான் நான் கவனிக்கிறேன். பட்டன் போட நேரமாகிறது. நோட்டில் எழுத்து கோணிக்கொண்டு போகிறது. சத்தில்லை என்று நினைத்து முட்டையாக அவித்துக் கொடுத்தேன். முட்டைதான் தீர்ந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரத்தம் எல்லாம் பார்த்தார்கள், சுத்தமாக இருக்கிறதாம். டாக்டரம்மா ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது கை நடுங்குமா?" என்று கேட்டார்.

"எங்கப்பாவுக்கு நடுங்கும் டாக்டரம்மா. ஆனா அது குடி" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். உனக்குத்தான் என்னைத் தெரியுமே.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "குடிக்கறதுக்கு முன்னாடியே நடுங்குச்சா, குடிச்சு குடிச்சு நடுங்குச்சா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பெற்ற அப்பாவைப் பற்றி அவ்வளவு சின்னக் கேள்வி. தெரியவில்லை.

"வேற யாராச்சும்?" என்றார். உன்னைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. எனக்கு வாய் வரவில்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், ஆனால் வரவில்லை. உன் கையைப் பற்றி என் வாய் பேசினதெல்லாம் போதும் என்று தோன்றியது.

அடுத்த மாதம் மறுபடி போக வேண்டும். அப்பாவுக்கு எப்போதிலிருந்து? உனக்கு இப்போது எப்படி இருக்கிறது? இதற்கு மட்டும் பதில் எழுது. என் மேல் உள்ள கோபம் அப்படியே இருக்கட்டும்.

உன் தங்கச்சி

*

ஜூன் 27

வாயாடிக்கு,

கிழிக்கவில்லை.

போன் செய்யாதே. சித்தியிடம் நம்பரையும் வாங்கியிருப்பாய். போனில் பேசினால் இரண்டு நிமிடத்தில் என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். அப்புறம் ஒன்பது வருடமாக நான் வைத்திருக்கும் கோபத்தை எங்கே கொண்டு போய் வைப்பது? கடிதம் போதும்.

இங்கே ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிக்கிறேன். ஈர விரிப்பு கனமானது. அந்தக் கனம் கையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். நடுங்குவது யாருக்கும் தெரியாது. வேலையை அப்படிப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன்.

டாக்டரிடம் சொல்: பெரியம்மாவுக்கு ஏழு வயதிலிருந்து நடுக்கம். இரண்டு கையிலும். வலது கையில் அதிகம். யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் கூடும். தனியாக இருந்தால் குறையும். இதனால் உயிருக்கு ஒன்றும் ஆகாது. அதை எறும்பிடமும் சொல்.

அப்பாவையும் அந்தத் தாளில் சேர்க்கச் சொல். அவரைப் பற்றி அதற்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை. "குடிச்சே போயிட்டார் மனுஷன்" என்று அவர் உடலுக்குப் பக்கத்தில் நின்று பத்துப் பேர் கேட்கச் சொன்னவள் நீ.

ஒன்று செய். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளுடைய தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பார்.

பெரியவள்

*

ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

தூக்கிப் பார்த்தேன். காலையில் நான் நிரப்பிய மாதிரியே திரும்பி வந்திருந்தது. ஐந்து நாள் பார்த்தேன். ஐந்து நாளும் அப்படியே.

"ஏண்டி தண்ணி குடிக்கல?"

"தாகம் எடுக்கலம்மா."

வீட்டுக்கு வந்ததும் குழாயடியில் குனிந்து கையைக் குவித்து மாடு மாதிரி குடிக்கிறாள். அதைப் பார்த்து, "ஒட்டகமே, திமில்ல இடம் இருக்கா?" என்று நானே எத்தனை நாள் கேலி செய்திருக்கிறேன். போன வாரம் ஒன்றுக்குப் போக அழுதாள். நீர்க்கடுப்பு. டாக்டரம்மா மருந்து தந்து, "பிள்ளை பகல்ல தண்ணியே குடிக்கறதில்ல போலிருக்கே" என்றார்.

நீயும் அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பாய். "மட்டம் போட நடிக்கறாம்மா" என்று அம்மாவிடம் கோள் சொன்னது நான். உன் பாட்டிலை யாரும் தூக்கிப் பார்க்கவில்லை, இல்லையா?

மத்தியானம் டீ வேலையை ஒருத்தரிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். உள்ளே போகவில்லை. கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். சாப்பாட்டு மணி அடித்தது.

குழாயடியில் ஏழெட்டுப் பெண் பிள்ளைகள். ஒருத்தி எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் பிடித்தாள். எறும்பின் கையில் கொடுத்தாள். குழாயடியிலிருந்து மரத்தடிக்கு நடக்க வேண்டும். மற்றவர்கள் இரண்டு பக்கமும் குனிந்தபடி கூடவே நடந்து, கீழே விழும் சொட்டை எண்ணினார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு. பத்து வந்ததும் எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள்: "தந்தி வந்தாச்சு!"

வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன் அக்கா. டிப்போவில் ஒரு பஸ் கிளம்பும் சத்தத்தையும் மீறிக் கத்துகிற வாய் இது. திறக்கவில்லை.

என் மகள் சிரித்துக்கொண்டே நடந்தாள். பாவாடை முன்பக்கம் நனைந்திருந்தது. சிரித்துக்கொண்டே டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். நீயும் அப்படித்தான் சிரிப்பாய். நீ சிரித்ததால் உனக்கும் அந்த விளையாட்டு பிடித்திருக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் உள்ளே போய் டீச்சரிடம் சொன்னேன். "பசங்க சும்மா விளையாடறாங்கம்மா. உங்க பொண்ணே சிரிச்சிட்டுத்தானே இருக்கா" என்றார். அவரை என்ன சொல்வது? நான் சொல்லியிருக்கக்கூடிய பதில்தான் அது.

அதே விளையாட்டு, அதே பேர். இவ்வளவு வருடம் கழித்து இங்கே எப்படி வந்தது என்று தெரியவில்லை. பிள்ளைகள் எங்கேயிருந்து எதைப் பொறுக்கிக்கொண்டு வரும் என்று யாருக்குத் தெரியும்.

டாக்டரிடம் நீ சொன்னபடியே சொல்லிவிட்டேன். குடும்பத்தில் வழிவழியாக வருகிற நடுக்கம்தானாம். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், பயம்தான் அதைக் கூட்டும், பயமுறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

உன் தங்கச்சி

*

ஜூலை 17

வாயாடிக்கு,

தந்தி நின்றுபோய் எத்தனையோ காலம் ஆகிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே தெரியாது.

யாரிடம் சொன்னாய்?

பெரியவள்

*

ஆகஸ்ட் 1

அக்கா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. ஏப்ரனுக்குள் வைத்துக்கொண்டு அலைந்தேன். மூன்று வரிதானே, ஆனால் அம்மிக்கல் மாதிரி கனத்தது.

எனக்கு அன்றைக்கே தெரியும். வேலிக்கு வெளியே நின்று "தந்தி" என்று காதில் விழுந்த உடனே தெரிந்துவிட்டது. உனக்கு எழுதும்போது தெரியாத மாதிரி எழுதினேன்.

பிப்ரவரியில் ஒரு மழை நாள். வண்டிகள் எல்லாம் தாமதம். கேண்டீன் நிறைய டிரைவர்கள். ஒரு டிரைவர் அண்ணன் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். உடனே எனக்கு வாய் அரித்தது.

"என்னண்ணே, எங்கக்காகிட்ட டிரெய்னிங் எடுத்தீங்களா?"

"உங்கக்கா யாரும்மா?"

கேட்டால் போதாதா? தபால் ஆபீசில் தந்தி அடிப்பவரின் விரல் ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்து உனக்கு 'தந்தி' என்று பேர் வைத்ததிலிருந்து ஆரம்பித்தேன். சொன்னதோடு விடவில்லை. கிளாஸ் நிறையத் தண்ணீர் எடுத்துக் கையை உதறி உதறி மேசைகளைச் சுற்றி உன்னைப் போல் நடந்து காட்டினேன். டிரைவர்கள் மேசையைத் தட்டி எண்ணினார்கள். பத்து வந்ததும், "தந்தி வந்தாச்சுன்னு கத்தணும், அதான் ஆட்டம்" என்று நானே சொல்லிக்கொடுத்தேன். கேண்டீனே அதிர்ந்தது. அன்றைக்கு நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.

டீயைக் கொட்டிக்கொண்ட டிரைவரின் மகள் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாள். அப்பா வேலை முடிந்து வரும்வரை அங்கேதான் இருப்பாள். எறும்பின் வகுப்பு. குழாயடியில் டம்ளரை நிரப்பிக் கொடுத்தது அவள்தான்.

எறும்பும் அங்கேதான் இருந்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டியில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள். அப்போதே அவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்திருந்ததாம். எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். சோப்புத் தண்ணீருக்குள் கையை வைத்துக்கொண்டு நான் ஆடிக் காட்டியதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

டிரைவர் வீட்டுக்குப் போனேன், அந்தப் பிள்ளையை நாலு வாங்கு வாங்கலாம் என்று. கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும், "ஆன்ட்டி, அந்தக் கதைய இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள். முன்பல் இரண்டும் பெரிசு. கண்ணில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. என்னை எட்டு வயதில் யாராவது படம் பிடித்திருந்தால் அப்படித்தான் இருந்திருப்பேன். திட்ட முடியவில்லை. "அது கதை இல்லடி கண்ணு, நான் செஞ்ச தப்பு" என்று மட்டும் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. அவள் அப்பாவுக்குப் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து எறும்பைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன். "எங்கிட்ட ஏண்டி சொல்லல? அம்மா வந்து ஒரு வழி பண்ணியிருக்க மாட்டேனா?"

அவள் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். "நீயும் விளையாடின விளையாட்டுதானேம்மா" என்றாள். "உனக்குப் பிடிச்ச விளையாட்டுன்னு நினைச்சேன். அதான் சொல்லல."

கோபமாகச் சொல்லவில்லை அக்கா. சாதாரணமாகச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நாலு நாளாகப் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறாள். வற்புறுத்தினால் கை இன்னும் ஆடுகிறது. என்னிடம் பேசுகிறாள், சாப்பிடுகிறாள். ஆனால் நான் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் என் வாயையே பார்க்கிறாள். அடுத்து யாரைப் பற்றி வரப்போகிறதோ என்று பார்க்கிற பார்வை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க முப்பது வருடம் இருந்தது. கேட்கவில்லை. இப்போது என் பிள்ளைக்கு வந்ததும் ஓடி வருகிறேன். சுயநலம்தான். தெரிந்தே கேட்கிறேன், மன்னித்துவிடு. முடிந்தால் ஒரு தடவை வா. அவளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியும்.

தங்கச்சி

*

ஆகஸ்ட் 19

வாயாடிக்கு,

இதை எழுத நான்கு நாள் ஆயிற்று. முழங்கையை மேசையில் ஊன்றி, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். பத்து வரிக்கு ஒரு தடவை நிறுத்த வேண்டும். ஆகவே சொல்ல வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அப்பா. அவர் குடித்ததால் கை நடுங்கவில்லை. கை நடுங்கியதால் குடித்தார்.

காலையில் சலூனைத் திறப்பதற்கு முன் பின்பக்கம் நின்று ஒரு மூடி சாராயம். அவ்வளவுதான். அது உள்ளே போனால் இரண்டு மணி நேரத்துக்குக் கை நிற்கும். அந்த இரண்டு மணி நேரத்தில் சவரம் எல்லாவற்றையும் முடித்துவிடுவார். அதற்குப் பிறகு வருகிறவர்களுக்குக் கத்தரி மட்டும்தான். வாசனை மட்டும் நாள் முழுக்க இருக்கும். அதை வைத்து ஊர் அவருக்கு ஒரு பேர் வைத்தது. நீயும் அதை நம்பினாய். பின்னால் அந்த ஒரு மூடி இரண்டாகி, மூன்றாகி, கடைசியில் அவர் உடம்பைத் தின்றது உண்மை. ஆனால் அது ஆரம்பித்தது கத்தியைப் பிடிக்க.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். எனக்குப் பத்து வயது, உனக்கு எட்டு. நான் மறந்துவிட்டுப் போன நோட்டைக் கொடுக்க ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நீ போய் நின்ற மாதிரியேதான் வெளியே நின்றிருக்கிறார். நான் டம்ளரோடு நடந்தேன். நீ எண்ணினாய்.

சாயங்காலம் என்னைச் சலூனுக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தார். கண்ணாடிக்கு முன்னால் தன் கையை நீட்டிக் காட்டினார். கண்ணாடிக்குள் அவர் கையும் என் கையும் ஒரே மாதிரி ஆடின. "பார்த்தியா? எங்கையத்தான் நீ வாங்கிட்டு வந்திருக்க. வேற யார்கிட்டயும் இது கிடையாது" என்றார்.

நான், "தங்கச்சிகிட்ட சொல்லுங்கப்பா, அவ எண்ண மாட்டா" என்றேன்.

"அவ வாயில விழுந்தா ஊருக்கே விழுந்த மாதிரிம்மா. குடிகாரன்னா திட்டிக்கிட்டாவது வருவான். கைநடுங்கிக்கு எவன் கழுத்த நீட்டுவான்?" என்றார். நாற்காலியிலிருந்து என்னை இறக்கிவிட்டு, "சின்னவளத் திட்டாத. தெரிஞ்சு செய்யல" என்றார்.

அன்று இரவுச் சாப்பாட்டிலிருந்து நம் வீட்டில் எல்லார் டம்ளரிலும் பாதிதான் ஊற்றினார்கள். அம்மா, அப்பா, நீ, நான், வீட்டுக்கு வந்தவர்கள், எல்லாருக்கும் அரை டம்ளர். "எங்கப்பா மகா கஞ்சன், தண்ணியக்கூட அளந்துதான் ஊத்துவாரு" என்று நீ தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாய். எனக்கு மட்டும் பாதி ஊற்றினால் எனக்குத்தான் என்று தெரிந்துவிடும். அதனால் எல்லாருக்கும். குடிகாரன் என்ற பேரோடு கஞ்சன் என்ற பேரையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். அந்த வீட்டில் யாருக்குக் கை நடுங்கும் என்று விருந்தாளி ஒருத்தருக்கும் கடைசிவரை தெரியாது.

அதனால்தான் அன்றைக்கு அவர் உடலுக்குப் பக்கத்தில் நீ சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. பதில் சொல்லவும் முடியவில்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். கிளம்பி வந்துவிட்டேன். இப்போது அதை மீறுகிறேன், அந்தப் பிள்ளைக்காக.

நீ மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். அந்த விளையாட்டில் எனக்கு மறக்காமல் இருப்பது எது தெரியுமா? மற்றப் பிள்ளைகள் முகம் ஒன்றும் ஞாபகம் இல்லை. உன் குரல்தான். கணக்கில் முட்டைக்கு மேல் வாங்காத நீ, என் சொட்டுகளை மட்டும் ஒன்று கூடக் குறையாமல் எண்ணுவாய். இன்றைக்கும் எங்காவது குழாய் சொட்டினால் உன் குரலில்தான் எண்ணிக்கை ஓடுகிறது. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். மன்னிக்கவே மாட்டேன் என்றாலும் பொய்தான். அதை அப்படியே விடு.

நான் வரவில்லை. இதோடு ஒட்டிய கவர் ஒன்று வைத்திருக்கிறேன். எறும்புக்கு. நீ பிரிக்கக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவளிடம் கேட்கவும் கூடாது. உன்னால் முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

பெரியவள்

*

செப்டம்பர் 26

அன்புள்ள அக்காவுக்கு,

டீ கொதிக்கிற இடத்தில் வேலை செய்கிறவளுக்கு ஒட்டிய கவரை ஆவியில் காட்டிப் பிரிப்பது பெரிய வித்தையா? ஒரு பகல் முழுக்க அது என் ஏப்ரனுக்குள் கிடந்தது. கெட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு தடவை கை போனது. பிரிக்கவில்லை. சாயங்காலம் அவள் கையில் கொடுத்து, "பெரியம்மா உனக்கு எழுதியிருக்காங்க. எனக்கு இல்ல" என்றேன்.

குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்து வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. நான் நாக்கைப் பல்லுக்கடியில் வைத்துக்கொண்டு வெங்காயம் நறுக்கினேன். நல்லவேளை வெங்காயம் இருந்தது.

சாப்பிட உட்கார்ந்ததும் மூன்று டம்ளரிலும் பாதிப் பாதி ஊற்றினேன்.

வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "என்னடி, தண்ணிக்குப் பஞ்சமா?" என்றார்.

"எங்கப்பா வீட்டுப் பழக்கம். இனிமே இங்கயும் அப்படித்தான்."

எறும்பு அவர் டம்ளரைப் பார்த்தாள், என் டம்ளரைப் பார்த்தாள், தன்னுடையதைப் பார்த்தாள். இரண்டு கையாலும் எடுத்துக் குடித்தாள். சிந்தவில்லை. டம்ளரை என் பக்கம் தள்ளி, "இன்னொரு அரை" என்றாள். ஊற்றினேன். என் கை நடுங்கியது அக்கா. ஆறு கிளாஸ் தூக்குகிற கை. தண்ணீர் தட்டில் சிந்தியது. அவள் அதைப் பார்த்தாள். எண்ணவில்லை.

அப்பா விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. சித்தியிடம்கூட இல்லை. டாக்டரம்மாவிடம் மட்டும் சொன்னேன். "நடுக்கம்தான் முதல்ல டாக்டரம்மா. குடி அப்புறம்தான்." அவர் அந்தத் தாளை எடுத்துப் பழையதை அடித்துவிட்டு, நான் சொன்னதை எழுதிக்கொண்டார். எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். அப்பா படம் வீட்டில் டிவிக்கு மேலே இருக்கிறது. நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நான் அப்படிச் சொன்ன அன்றைக்கு அவர் காது கேட்காமல் படுத்திருந்தார் என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

எறும்பு பள்ளிக்கூடம் போகிறாள். தினமும் இல்லை. சில காலைகளில் செருப்பு வரைக்கும் வந்து நின்றுவிடுகிறாள். அன்றைக்கு நானும் வேலைக்குப் போகாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். தலைமை டீச்சர் குழாயடி விளையாட்டை நிறுத்திவிட்டார். பேர் மட்டும் நிற்கவில்லை. இன்னும் 'தந்தி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பேர் வைத்தவளுக்குத் தெரியும், அது லேசில் போகாது. பாட்டில் சில நாள் பாதியாக வருகிறது, சில நாள் முழுசாக வருகிறது. தூக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன்.

கேண்டீனில், "என்ன தங்கச்சி, வாய்க்கு லீவா?" என்று டிரைவர்கள் கேட்கிறார்கள். "சர்வீசுக்கு விட்டிருக்கேன்" என்கிறேன். இப்போதும் வாய் அரிக்கிறது. யாரைப் பார்த்தாலும் ஒரு பேர் நாக்கு நுனிக்கு வந்து நிற்கிறது. விழுங்கிவிடுகிறேன். மகளைக்கூட அவள் பேர் சொல்லித்தான் கூப்பிடப் பார்க்கிறேன். அவளே, "எறும்புன்னே கூப்பிடும்மா, அது பரவால்ல" என்றாள். எது பரவாயில்லை, எது இல்லை என்று அவளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அவள் உனக்கு எழுதிய பதிலைத் தபால் ஆபீசுக்கு எடுத்துப்போனது நான்தான். முகவரியையும் அவளே எழுதியிருந்தாள். அங்கே இருந்தவர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "யாரும்மா எழுதினது, கோழி கிண்டின மாதிரி?" என்றார். பழைய நானாக இருந்தால் அவரோடு சேர்ந்து சிரித்து, மேலே இரண்டு சொல்லியிருப்பேன். "என் பொண்ணு எழுதினது. சரியாத்தான் எழுதியிருக்கா, படிச்சுப் பாருங்க" என்றேன். படித்தார். முத்திரை குத்தினார்.

அதற்கு நீ எழுதிய கடிதம் நேற்று அவள் பேருக்கு வந்தது. உள் அறையில் உட்கார்ந்து படித்தாள். நான் இந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று சிரித்தாள். டம்ளரோடு நடக்கும்போது சிரித்த சிரிப்பு இல்லை. தொண்டையிலிருந்து வருகிற, நிறுத்த முடியாத சிரிப்பு. மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் யார் சிரித்தாலும் அது என்னால்தான் என்று இருந்தவள் நான். இது எனக்குத் தெரியாத சிரிப்பு.

போன் செய்யவில்லை. நீ சொல்லாமல் செய்ய மாட்டேன். அவளுக்கு என்ன எழுதினாய் என்றும் கேட்க மாட்டேன். இன்னும் எழுது.

தங்கச்சி